பின்னால் வந்த கதவுகள்

ஓடைக்கரைப்பட்டியில் முதன்முதலாகப் பேச்சித்தாயின் பின்னால் நடந்து வந்தது தபால்காரர் சங்கரலிங்கம் வீட்டு வேப்பமரக் கதவு. பங்குனி மாதம், காலை பதினொரு மணி, தார்ரோடு இளகத் தொடங்கியிருந்தது. தண்ணீர் சுத்தம் செய்யும் மிஷினின் மாதிரிப் பெட்டியைக் கைக்குழந்தையைப்போல இடுப்பில் இடுக்கிக்கொண்டு, வேண்டாம் என்று முகத்துக்கு நேரே சாத்திய வீட்டைத் திரும்பிப் பார்க்கக் கூடாது, பார்த்தால் அடுத்த வீடும் விளங்காது என்று தனக்குத்தானே போட்டுக்கொண்ட விதிப்படி அவள் விறுவிறுவென்று போய்க்கொண்டிருந்தபோது, பின்னால் ஏதோ கனமான ஒன்று இரண்டு கீழ்முனைகளையும் மாற்றி மாற்றி ஊன்றி டொக்கு டொக்கென்று வந்தது. மாடாக இருக்கும் என்று நினைத்தாள். வீட்டு முற்றத்தில் பெட்டியை இறக்கிவைத்துத் திரும்பியபோதுதான் கண்டாள். மஞ்சள் குங்குமமும் நாதாங்கியும் பிள்ளையார் ஸ்டிக்கரும் வைத்தது வைத்தபடி இருக்க, சொல்லியனுப்பிய ஆளைப்போல வந்து நின்றது கதவு.

இது எப்படி நடந்தது என்று அவளுக்குத் தோன்றவில்லை. திருடிக்கொண்டு வந்துவிட்டேன் என்று சொல்வார்களே என்றுதான் தோன்றியது.

பேச்சித்தாய்க்கு அப்போது முப்பத்தாறு வயது. குலதெய்வத்தின் பேர்தான், ஆனால் பேச்சி என்று பேர் வைத்ததால்தான் பேச்சு வரவில்லை என்று சொந்தக்காரர்கள் கேலி செய்வார்கள். ரேஷன் கடை வரிசையில் யாராவது முன்னால் நுழைந்தால், நான் நிற்கிறேன் என்று சொல்லக் கூசி இன்னும் ஓரடி பின்னால் தள்ளி நிற்பவள். பதினொரு வருஷம் ரெடிமேட் கம்பெனியில் சட்டைக் காலர் தைத்தாள். அங்கே மிஷின் சத்தத்தில் யாரும் யாரிடமும் பேச வேண்டியிருக்கவில்லை என்பதே அவளுக்குப் பெரிய நிம்மதி. அந்தக் கம்பெனியை வேறு மாவட்டத்துக்குக் கொண்டுபோனார்கள். புருஷன் கேரளத்தில் ரப்பர் பால் வெட்டப் போய் வருஷத்துக்கு இரண்டு முறை வருகிறவன். ப்ளஸ் ஒன் படிக்கிற மகள் சிவஜோதி. வேறு வேலை கிடைக்காததால், உலகத்தில் எந்த வேலைக்குத் தான் லாயக்கில்லை என்று நினைத்தாளோ அந்த வேலைக்கே போய்ச் சேர்ந்தாள்.

முதல் இரண்டு மாதம் பழகுவதற்கு, மூன்றாவது மாதத்தில் பன்னிரண்டு மிஷின் விற்க வேண்டும், இல்லையென்றால் வேலை இல்லை. திருநெல்வேலி ஆபீசிலிருந்து ஏரியா மேனேஜர் டேவிட்ராஜ் தினமும் காலை எட்டு மணிக்குப் போன் செய்வார்.

"சிரிங்க பேச்சித்தாய். போன்லயும் சிரிங்க, சிரிப்பு காதுக்குக் கேக்கும். வாசல்ல மூணு மூச்சுக்கு மேல அமைதியா இருக்கக் கூடாது. அமைதியா இருந்தா கஸ்டமர் யோசிப்பாங்க, யோசிச்சா வேண்டாம்பாங்க. வேண்டாங்கிறது முடிவு இல்ல, ஆரம்பம். எழுதிக்கிட்டீங்களா?"

எழுதிக்கொண்டாள். விடிந்ததும் பீரோக் கண்ணாடி முன்னால் நின்று, உதட்டை எவ்வளவு தூக்கினால் சிரிப்பு, எவ்வளவு தூக்கினால் அழுகை என்று பழகிப் பழகி, அந்த அளவு முகத்தில் தழும்பாகப் பதிகிற மட்டும் பழகினாள். பின்னால் தலைபின்னக் காத்திருக்கும் சிவஜோதி கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருப்பாள்.

அன்று சாயங்காலம் சங்கரலிங்கம் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து, காணாமல் போன ஆட்டைக் கேட்பதுபோல, "எங்க வீட்டுக் கதவு இந்தப் பக்கம் வந்துச்சாம்மா?" என்று கேட்டார். இரண்டு ஆட்களை வைத்துத் தூக்கிக்கொண்டு போய் நிலையில் மாட்டினார். மறுநாள் விடியுமுன் அது திரும்ப வந்து, முதல் நாள் நின்ற இடத்திலேயே நின்றது. கூடவே பால் சொசைட்டிக்காரர் வீட்டுத் தகரக் கதவும் நின்றது.

வார முடிவில் ஒன்பது கதவு. சித்திரை பிறந்தபோது முப்பத்தொன்று. தேக்குக் கதவு, பிளைவுட் கதவு, மழைக்கு ஊதிப்போய்ப் பாதிதான் சாத்தும் கதவு, பூட்டோடு வந்த கதவு, கட்டியிருந்த நாயையும் இழுத்துக்கொண்டு வந்த இரும்பு கிரில் கேட். யார் பேச்சித்தாயின் முகத்துக்கு நேரே வேண்டாம் என்று சாத்தினாலும் அந்தக் கதவு அவள் பின்னால் கிளம்பிவிடும் என்பது வெயில் அடிக்கும், மழை பெய்யும் என்பதுபோல ஊருக்குத் தெரிந்த சங்கதியாகிவிட்டது. கதவில்லாத வாசல்களில் பழைய சேலை தொங்கியது, சில வாசல்களில் கட்டிலை நிமிர்த்தி வைத்தார்கள். களவு போகும் என்று முதல் மூன்று நாள் பயந்தார்கள். களவுக்குப் போக வேண்டியவர்களின் வீட்டிலும் கதவில்லாததால் அவர்களும் தங்கள் வீட்டைக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள் என்று தெரிந்ததும் அந்தப் பயம் தணிந்தது. மாற்றுக் கதவு செய்யச் சொல்லிப் போனவர்களை ஆசாரி திருப்பியனுப்பினார். உயிரோடிருக்கிற கதவுக்கு மாற்றுக் கதவு செய்வது பாவம் என்றார். ஸ்டேஷனிலிருந்து வந்த ஏட்டு, கதவு போனது என்று எழுதுவதா, கதவைக் கொண்டுபோனார்கள் என்று எழுதுவதா என்று அரை மணி நேரம் பேனாவைக் கடித்துவிட்டு, வழி தவறிய கால்நடைகள் என்ற பக்கத்தில் எழுதிக்கொண்டு போனார்.

வெள்ளிக்கிழமைகளில் பெண்கள் பேச்சித்தாயின் முற்றத்துக்கு வந்து அவரவர் கதவுக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தார்கள். பிள்ளையின் உயரத்தைக் கோடு போட்டுப் பார்க்க ஒருத்தி வந்தாள். கதவுக்குப் பின்னால் சாக்பீசில் எழுதிவைத்த கேஸ் சிலிண்டர் நம்பரைப் பார்க்க ஒருவர் வந்தார். யாரும் அவளைத் திட்டவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது. அவள் தெருவுக்குள் நுழைந்தால் பெண்கள் சாத்தவும் மாட்டாமல் வாங்கவும் மாட்டாமல், "அடுத்த வாரம் வாயேன், அவுகட்ட கேட்டுச் சொல்லுதேன்" என்று பல்லைக் காட்டிக்கொண்டே நின்றார்கள். ஊரிலிருந்து வேண்டாம் என்ற சொல்லே வற்றிப்போனது. அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று முப்பது அடுத்த வாரங்களைச் சுமந்துகொண்டு அவள் திரும்பி வருவாள். முற்றத்தில் கதவுகள் எல்லாம் அவள் பக்கமாகவே முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கும். எட்டு மணிக்குப் போன் அடித்தால் அத்தனை நாதாங்கியும் லேசாக நடுங்கும். எது முதலில் நடுங்கியது, கதவா தன் நெஞ்சா என்று அவளுக்குத் தெரியாது.

பள்ளிக்கூடத்தில் சிவஜோதியைக் கதவுக்காரி மகள் என்றார்கள்.

வார்டு மெம்பர் பூமாரி ஒருநாள் வந்து, முற்றத்தில் நிற்க இடமில்லாமல் தேக்குக் கதவில் சாய்ந்துகொண்டு சொன்னாள். "ஆளு வச்சுக் கொண்டுபோனா தங்க மாட்டேங்குது. நீயே கொண்டுபோய் விட்டுப் பாரு தாயீ. தபால்காரர் வீட்டுலேருந்து ஆரம்பி. அவுக வீட்டுக் கதவுதான மொதல்ல வந்தது."

பேச்சித்தாய் போனாள். பெட்டியை எடுக்கவில்லை, பெட்டியோடு போனால் அடிக்க வந்துவிடுவார்களோ என்ற பயம். முன்னால் அவள், பின்னால் டொக்கு டொக்கென்று கதவு. தபால்காரர் மனைவி கோமதி வாசலில் தொங்கிய நீலச் சேலையை விலக்கிப் பார்த்தாள்.

"திரும்பவும் மிஷினா?"

"இல்லக்கா. கதவு."

அதற்குமேல் என்ன சொல்வது என்று பேச்சித்தாய்க்குத் தெரியவில்லை. பழகிய சிரிப்பு வரவில்லை. ஒரு மூச்சு போனது, இரண்டு போனது, மூன்று போனது. மேனேஜர் சொன்ன எல்லையைத் தாண்டி நான்காவது மூச்சும் ஐந்தாவது மூச்சும் போயின. அவள் தரையைப் பார்த்தபடி நின்றாள். தெருவில் ஒரு சைக்கிள் போய் மறைந்தது.

"அன்னைக்கு உன்மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல கேட்டியா" என்றாள் கோமதி, கேட்காமலே. "அவுக ரிட்டயர் ஆயி எட்டு மாசமாச்சு. ஊரு பூரா லெட்டர் குடுத்த மனுசன், வீட்டுல ஒரு சொல்லு பேச மாட்டேங்காரு. சாப்பாட்டுத் தட்டைப் பாத்தே உக்காந்திருக்காரு. அன்னைக்கு நீ வந்து, அக்கா நல்லாருக்கீங்களான்னு கேட்ட. நெசமாக் கேட்டியோ, விக்கதுக்காகக் கேட்டியோ. எட்டு மாசத்துல என்னை யாரும் அப்பிடிக் கேக்கல. இன்னும் ஒரு நிமிசம் நின்னா அழுதுருவேன்னு தோணுச்சு. அதான் வேண்டாம்னு சாத்துனேன்."

பேச்சித்தாய் வெறுமனே கேட்டுக்கொண்டு நின்றாள். கோமதி சொல்லி முடித்து மூக்கைச் சிந்தியபோது, கதவு இருவரையும் தாண்டிப் போய், தொழுவத்துக்குள் நுழையும் பசுவைப்போலத் தானே நிலைக்குள் நுழைந்து கீல் மாட்டிக்கொண்டது. பிறகு அது அந்த வீட்டைவிட்டு நகரவேயில்லை.

இப்படித்தான் தெரிய வந்தது. பாதி சொல்லிச் சாத்திய கதவுதான் பின்னால் வந்தது, மீதியும் சொல்லிவிட்டால் போய்விடும். பேச்சித்தாய் ஒவ்வொரு கதவாகக் கூட்டிக்கொண்டு போனாள். தகரக் கதவுக்காரர் வீட்டில் கரண்டைப் பிடுங்கி ஒரு மாதமாகியிருந்தது, அதைச் சொல்ல வெட்கப்பட்டு வேண்டாம் என்றிருந்தார். கிரில் கேட் வீட்டு மருமகளுக்கு அந்த வீட்டில் ஒரு டம்ளரை இடம் மாற்றி வைக்கவும் உரிமையில்லை. தேக்குக் கதவுக்காரர், "வேண்டாம்னா வேண்டாம்தான், அதுல என்ன இருக்கு" என்றார். அவள் "சரிங்கண்ணாச்சி" என்றாள். அன்று அவள் சொல்லாமல் போன அந்தச் சரிதான் மீதிபோல, அந்தக் கதவும் மனக்குறையில்லாமல் உள்ளே போனது. வெறும் வேண்டாமும் உலகத்தில் இருக்கிறது என்று அன்றைக்கு அவளுக்குத் தெரிந்தது. அன்று மத்தியானம் அவளால் ஒரு கைப்பிடி சோறு கூடுதலாகச் சாப்பிட முடிந்தது.

நோட்டில் மேனேஜர் சொன்னதை எழுதிய பக்கத்துக்கு அடுத்த பக்கத்தில் அவள் தானாக எழுதத் தொடங்கினாள். கிரில் வீடு, மாமியார் செவ்வாய்க்கிழமை கோயிலுக்குப் போவார். பால்காரர் வீடு, கரண்ட் வந்ததும் போய் விசாரிக்க, மிஷினைப் பற்றிப் பேச வேண்டாம். மச்சு வீடு, சின்னவளுக்குப் பரீட்சை, முடிந்ததும் எப்படி எழுதினாள் என்று கேட்க. காலையில் மூன்று தெரு, வெயில் தாழ இரண்டு தெரு. சொன்ன நாளில் சொன்ன நேரத்தில் போய் நின்றாள். பயம் போகவில்லை. ஒவ்வொரு வாசலிலும் உள்ளங்கை வேர்த்தது, வேர்த்த கையாலேயே தட்டினாள். முதல் மிஷினைக் கோமதிதான் வாங்கினாள். மாட்ட வந்த ஆளோடு சங்கரலிங்கம் குழாயைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார். பிறகு மச்சு வீடு, பிறகு கிரில் வீட்டு மாமியாரே கூப்பிட்டனுப்பினாள். சித்திரை இருபதாம் தேதிக்குள் பதினொன்று.

பன்னிரண்டாவதாக, ஒருநாள் காலை ஏழு மணிக்கே, ஊருக்குத் தெற்கே தோட்டத்து வீட்டில் ஏழு மாதக் கர்ப்பிணி ஒருத்தி, இருபது வயதுகூட இருக்காது, வயிற்றில் கையை வைத்துக்கொண்டு, "யக்கா, எங்க கெணத்துத் தண்ணி பிள்ளைக்கு ஆகாதா?" என்று கேட்டாள். தண்ணீரில் கம்பியை விட்டுக் கரண்ட் பாய்ச்சி அதைப் பழுப்பாக்கிக் காட்டும் வித்தை ஒன்றை மேனேஜர் கற்றுக்கொடுத்திருந்தார், அந்தக் கம்பி பெட்டிக்குள்தான் இருந்தது. கொஞ்சம் உப்பிருக்கிற எந்தத் தண்ணீரில் விட்டாலும் பழுப்பாகும், கம்பிதான் கரைகிறது என்பது பேச்சித்தாய்க்குத் தெரியும். அந்தப் பெண்ணின் கண்ணில் இருந்த பயம் தினமும் தன் கண்ணில் இருக்கும் பயம்தான் என்று கண்டுகொண்டபின் பெட்டியின் மூடியில் வைத்த கை நகரவில்லை. மிஷினோடு வந்த, தண்ணீரின் உப்பைக் காட்டும் சின்ன மீட்டரை விட்டுப் பார்த்தாள். உப்பு கொஞ்சம்தான். "நல்ல தண்ணிதாம்மா. கொதிக்கவச்சு ஆறவச்சுக் குடி போதும். உனக்கு மிஷின் வேண்டாம்" என்றாள். வாழ்நாளில் முதல்முறையாக அவள் வாயிலிருந்து அந்தச் சொல் வந்தது. வரும் வழியெல்லாம் வேலை போயிற்று, வேலை போயிற்று என்று செருப்பு தாளம் போட்டது.

வீட்டில் சிவஜோதி பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். கோடை லீவிலும் ஸ்பெஷல் கிளாஸ் இருந்தது, பெற்றோர் கூட்டம் அன்றைக்கு.

"பத்து மணிக்கு வந்துருதேன் ஜோதி" என்றாள் பேச்சித்தாய், சிரித்துக்கொண்டு.

"நீ வர வேண்டாம்."

"எதுக்குட்டி?"

"வேண்டாம்னா வேண்டாம்மா!" என்று மகள் உள்ளேயிருந்தபடி கதவை அறைந்து சாத்தினாள். அந்த வீட்டுக்கு இருந்தது அந்த ஒரே கதவு.

அது கீலைக் கழற்றிக்கொண்டு படியிறங்கி அவள் முன் வந்து நின்றபோது, அவளுக்குத் தெருவே தலைகீழானது. எங்கே போவது என்று தெரியாமல் நடந்தாள். கதவு பின்னால் வந்தது. மேலத்தெரு, பஸ் ஸ்டாப், ரேஷன் கடை என்று எங்கே போனாலும் ஜனங்கள் யாருடைய கதவு என்று பார்த்தார்கள், பார்த்துத் தெரிந்துகொண்டார்கள், தலையைக் குனிந்துகொண்டார்கள். மாற்றான் வீட்டுக் கதவு முப்பத்தொன்று வந்தபோது அவளுக்கு வராத அழுகை இப்போது வந்தது. கோமதி வாசலில் நின்று பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் ஒரு சொம்புத் தண்ணீர் மட்டும் நீட்டினாள். குடித்துவிட்டு, வந்த வழியே திரும்பினாள்.

கதவில்லாத வாசலில், உள்பக்கமாகக் காலை மடக்கி சிவஜோதி உட்கார்ந்திருந்தாள். பள்ளிக்கூடம் போயிருக்கவில்லை. பேச்சித்தாய் வெளிப்பக்கம் உட்கார்ந்தாள். நிலைப்படி நடுவில் கிடந்தது. மற்ற வீடுகளில் செய்ததைப்போலவே வாயைத் திறக்காமல் காத்திருந்தாள். 

"காலைல கண்ணாடி முன்னால நின்னு சிரிச்சுப் பழகுதல்லா" என்றாள் மகள். "சாயங்காலம் வந்து எங்கிட்டயும் அதையே சிரிக்க. மார்க் கொறஞ்சாலும் அதே சிரிப்பு. காய்ச்சல்னாலும் அதே சிரிப்பு. முன்னால நீ பேச மாட்ட, ஆனா நீ எங்கிட்ட சிரிச்சா அது எனக்குன்னு தெரியும். இப்ப எனக்கும் எதையோ விக்கியோன்னு இருக்கு. டீச்சர்ட்டயும் வந்து அதைச் சிரிப்ப. அதைப் பாக்க எனக்கு முடியாதும்மா. அதான் வேண்டாம்னேன்."

சொல்லி முடித்துவிட்டாள். பேச்சித்தாய் கதவைப் பார்த்தாள். அது தெருவிலேயே நின்றது, அசையவில்லை. மகள் மீதி வைக்கவில்லை என்பது தெரிந்தது. அப்படியானால் மீதி தன்னிடம்தான் இருக்கிறது என்று புரிந்தது.

"எனக்குப் பயமா இருக்கு ஜோதி" என்றாள். "ஒவ்வொரு வாசல்லயும் பயமா இருக்கு. ராத்திரி படுக்கும்போதும் எந்திரிக்கும்போதும் பயமா இருக்கு. உனக்குத் தெரிஞ்சா நீயும் பயப்படுவன்னு சிரிச்சேன். பன்னெண்டாவது மிஷினை இன்னைக்கு வேண்டாம்னு சொல்லிட்டு வந்துட்டேன். வேலை போயிரும்னு நெனைக்கேன்."

சிவஜோதி நிலைப்படியைத் தாண்டி இந்தப் பக்கம் வந்து ஒட்டி உட்கார்ந்துகொண்டாள். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. கதவு எப்போது உள்ளே போனது என்று இருவருக்கும் தெரியாது, எதிர்வீட்டுக்காரி சொல்லித்தான் திரும்பிப் பார்த்தார்கள்.

மாதக் கடைசியில் திருநெல்வேலி ஆபீசில் டேவிட்ராஜ் அவளுடைய தாளைப் பார்த்தார். "பதினொண்ணு. இந்த ஏரியாவுலேயே நீங்கதான் அதிகம். ஆனா பன்னெண்டுன்னா பன்னெண்டு. என்னால ஒண்ணும் பண்ண முடியாதும்மா, வேண்டாம், போயிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு, எழுந்து வந்து, தன் அறைக் கண்ணாடிக் கதவை அவள் முகத்துக்கு முன்னால் மெதுவாகச் சாத்தினார். அது சத்தமே போடாமல் சாத்திக்கொள்ளும் கதவு. சாத்தும்போது அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

அவள் பஸ்ஸேறி வீட்டுக்கு வந்தாள். நடந்ததை நடந்தபடி மகளிடம் சொன்னாள். இரண்டு பேரும் பழையதைப் பிழிந்து வைத்து வெங்காயத்தோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அடுத்த பஸ் வந்து நின்றது. ஸ்டாப்பிலிருந்து பூமாரியும் ஏட்டும் கோமதியும் வழிவிட்டு நிற்க, லக்கேஜ் டிக்கெட் ஒட்டிய கண்ணாடிக் கதவு ஒன்று, ஊர்ப்புழுதி மேலே படாமல் கூசிக் கூசிக் கால் வைத்து, தெருவில் வந்துகொண்டிருந்தது. உள்ளே தள்ளவும் என்று அதில் எழுதியிருந்தது.

சிவஜோதிதான் முதலில் பார்த்தாள். "யம்மா, உங்க சாருக்கும் ஏதோ மீதி இருக்கு போல."

பேச்சித்தாய்க்கு இந்த ஊர் வாசல்கள் பழகிவிட்டன. ஏசி போட்ட ஆபீஸ், நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருக்கும் ஆட்கள், அவர்களுக்கு நடுவில் போய் ஒன்றும் பேசாமல் நிற்பதை நினைத்தாலே சோறு இறங்கவில்லை. கையைக் கழுவினாள். முகத்தைக் கழுவினாள். ஈர முகத்தோடு செருப்பை மாட்டினாள். சிவஜோதியும் செருப்பை மாட்டிக்கொண்டு வந்தாள்.

திரும்பிப் போகிற பஸ் இன்னும் நின்றுகொண்டிருந்தது. கண்டக்டரும் கோமதியுமாகக் கதவைத் தூக்கி ஏற்றிவிட்டார்கள். பஸ் ஓடையைத் தாண்டி மெயின் ரோட்டில் ஏறியபோது, கதவு சாயாமல் இருக்க ஒரு பக்கம் தாயும் ஒரு பக்கம் மகளும் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

"அவர்ட்ட என்னம்மா சொல்லப் போற?"

"தெரியலட்டி" என்றாள் பேச்சித்தாய்.